“நான் வந்துட்டேனா?” என்று கேட்டவர்

மாலை ஆறேகால் மணிக்கு ஒரு நிர்வாகவியல் கல்லூரியின் முன்னாள் மாணவர் அலுவலகத்தில் போன் அடித்தது. எடுத்த பெண்மணியிடம் ஒரு கனத்த ஆண் குரல் கேட்டது:

“இன்னிக்கு டின்னருக்கு நான் வந்துட்டேனான்னு கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா?”

“நீங்க யாருங்க பேசறது?”

“நான்தான்,” என்றது குரல். அப்புறம் என்ன தோன்றியதோ, டக்கென்று போனை வைத்துவிட்டது.

பெண்மணி அரை நிமிஷம் ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு எங்களுக்குப் போன் போட்டார். ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நானும் அண்ணியும் கல்லூரி வாசலில் இறங்கினோம்.

எங்களைப் பற்றி இரண்டு வரி. அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. காப்பீட்டுக் கம்பெனியில் பதினாறு வருஷம் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தவர். எரிந்ததாகச் சொன்ன கடை எரியவே இல்லை, செத்ததாகச் சொன்ன ஆசாமி பக்கத்துத் தெருவில் முடி வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து மேலதிகாரிகளுக்கே அலுத்துவிட்டது. இப்போது ஒரு சலவைக்கடை மாடியில் சொந்தத் துப்பறியும் அலுவலகம். நான் உதவியாளன். மெத்தைக் கடையில் வேலை பார்த்தபோது மெத்தையிலேயே தூங்கியதற்காக அனுப்பப்பட்டவன். வயது நாற்பத்திரண்டு. அனுபவம் நிறைய உண்டு, எதில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன் செய்த பெண்மணி வாசலிலேயே காத்திருந்தார். கையில் அட்டை, அட்டையில் கிளிப், கிளிப்பில் பட்டியல். பேசும்போதுகூட பட்டியலைப் பார்த்துத்தான் பேசினார். அவருக்கு நான் அப்போதே பட்டியல் அக்கா என்று பெயர் வைத்துவிட்டேன்.

“நாப்பது பேர் படிச்ச செட்டுங்க. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னிக்கு எல்லாரும் வந்து சாப்பிட்டு, பொறுப்பான பொருளாதார வளர்ச்சியைப் பத்திப் பேசி, ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். நாப்பது பேரும் வந்தாச்சு. நானே டிக் போட்டேன்.”

“அப்புறம் என்ன கவலை? நாப்பது டிக், நாப்பது தட்டு,” என்றேன்.

“வந்தவர் எதுக்குங்க ‘நான் வந்துட்டேனா’ன்னு போன் பண்ணிக் கேக்கறார்?”

அண்ணி என்னைப் பார்த்தார்.

“உள்ள ஒருத்தர் போலி,” என்றார் அண்ணி. “யாரோ ஒரு பெரிய மனுஷர் தனக்குப் பதிலா ஆள் அனுப்பியிருக்கார். அனுப்பின ஆள் ஒழுங்கா போய்ச் சேந்தானான்னு பதட்டத்துல கேட்டுட்டார். சரி, ஒரு போலி சாப்பிட்டுட்டுப் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?”

பட்டியல் அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“இங்க சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்குதுங்க. வேலைக்குப் போறவங்களுக்கு. லிஃப்ட் ஓட்டறவர், தையல்காரர், பேக்கரியில மாவு பிசையறவர், இப்படி இருபத்தெட்டு பேர். நான்தான் ஆரம்பிச்சேன், நான்தான் நடத்தறேன். கல்லூரித் தலைவர் அம்மாவுக்கு அது பிடிக்கல. அந்த அறையை மூடி விருந்தாளிகளுக்கு ஓய்வறை ஆக்கப் போறாங்க. ரொம்பக் கெஞ்சினேன். கடைசில ஒரு நிபந்தனையை எழுதி, கடிதமாவே கையில கொடுத்தாங்க. ‘இங்க படிச்சுப் பெரிய ஆளானவங்க நாப்பது பேரும் கல்லூரிக்காக ஒரு சாயங்காலம் நேர்ல வரட்டும். வந்தா உன் வகுப்பு இருக்கும். ஒருத்தர் குறைஞ்சாலும் மூடிடுவேன்.’ எட்டு மணிக்கு எண்ணுவாங்க.”

“ஆள் போலின்னு அவங்களுக்குத் தெரியவா போகுது?” என்றேன் நான்.

“அந்தக் குரல் அவங்களுக்கும் போன் பண்ணிக் கேட்டா? அதுக்கு முன்னாடி அந்த ஆளைப் பிடிச்சு, நிஜமானவரை வண்டி வெச்சாவது வரவழைச்சிடணும்.”

எங்களுக்கு இருந்தது ஒரு மணி நேரம். அண்ணி முன்னாள் மாணவர் மலரின் நிருபராக மாறினார். கையில் நோட்டு, காதில் பேனா. எனக்கு ஒரு தண்ணீர் ஜக்கைக் கொடுத்தார்கள்.

“நானும் நிருபரா வரேனே அண்ணி?”

“நிருபர் ரெண்டு பேர் வந்தா சந்தேகம் வரும். தண்ணி ஊத்தறவனை யாரும் பாக்க மாட்டாங்க. போ தம்பி.”

இதற்குத்தான் படித்து வளர்ந்தேன்.

கூடம் பழைய விரிவுரை மண்டபம். ஐந்து வட்ட மேஜைகள், மேஜைக்கு எட்டுப் பேர். எல்லார் நெஞ்சிலும் பெயர் அட்டை. ‘நிர்வாக இயக்குநர்’, ‘தலைமை அதிகாரி’, ‘நிறுவனர்’ என்று படிக்கும்போதே ஜக் கனத்தது. தலைமேஜையில் தலைவர் அம்மா. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. யார் வந்து வணங்கினாலும் தலையை மட்டும் ஆட்டினார், வாயே திறக்கவில்லை. பதவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கே பார்த்தாலும் கட்டிப்பிடிப்பு. ஒருவர் இன்னொருவரைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு ஓடினார். “டேய்! நீ கொஞ்சம்கூட மாறலடா!” அவர் திருப்பி, “நீ மட்டும் என்ன, அப்படியே இருக்கே!” என்றார். முதலாமவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை. இரண்டாமவரின் வயிறு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பும் இப்படியேதான் இருந்தார்கள் என்றால் பாவம், எப்படிப்பட்ட இளமை!

வாசலில் ஒரு பழைய குழு போட்டோ மாட்டியிருந்தது. பட்டமளிப்பு நாளில் எடுத்தது. எல்லார் தலையிலும் தொப்பி, போட்டோகிராபர் எதிர்க் கட்டடத்து மாடியில் நின்று எடுத்திருப்பார் போல. முகங்கள் கடுகு கடுகாகத் தெரிந்தன.

“பழைய ஃபைல் இருக்குமே?” என்று அண்ணி கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல ஏத்தறோம்னு எடுத்துட்டுப் போனாங்க. ஏத்திட்டாங்க. இறக்கத்தான் யாருக்கும் தெரியல,” என்றார் பட்டியல் அக்கா.

நான் மேஜை மேஜையாகப் போய்த் தண்ணீர் ஊற்றிக் காதைத் தீட்டினேன். விவாதம் ஆரம்பமாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலாளிகள் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் மேஜையில் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் அட்டை குத்திய ஒரு பெரிய மீசைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். “வண்டிய நூத்தியிருபதுல விரட்டறது ஒரு திறமையே இல்லைங்க. பிரேக் பிடிச்சா நிக்கணும். நாம வளர்ச்சி வளர்ச்சின்னு ஆக்ஸிலேட்டரை மட்டுமே மிதிச்சிட்டு இருக்கோம். பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கு அது தெரியாது.”

மேஜையே கை தட்டியது.

மூன்றாவது மேஜையில் ஆஸ்பத்திரிகளின் உரிமையாளர் என்று அட்டை போட்ட பெண்மணி மேஜையைத் தட்டினார். “நூறு படுக்கையை இருநூறு ஆக்கினோம். நர்ஸ் எத்தனை பேரு? அதே பன்னெண்டு பேரு. ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டு பெல் சேந்து அடிச்சா எந்தப் பக்கம் ஓடறது? இதுக்குப் பேர் வளர்ச்சியா, வீக்கமா?”

ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பெண்மணியின் தம்ளரில் கூடுதலாக ஊற்றினேன்.

ஐந்தாவது மேஜையில் துணி ஏற்றுமதி அதிபர் ஒருவர், தன் தொழிற்சாலையில் எண்ணூறு பேருக்கு ஏழு கழிப்பறைதான், அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்று புள்ளிவிவரத்தோடு சொன்னார். எந்தத் தாழ்ப்பாள் எந்த மாதம் கழன்றது என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

நான் ஓடிப் போய் அண்ணியிடம் சொன்னேன். “அண்ணி, தப்பான இடத்துக்கு வந்துட்டோம். இங்க எல்லாரும் மகான்கள்.”

அண்ணி பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். “முதலாளிங்க எல்லாம் இவ்வளவு நல்லவங்களா இருந்தா, பதினாறு வருஷம் நான் யாரைடா பிடிச்சேன்?”

பிறகு அவர் தன் முதல் வலையை வீசினார். ஒவ்வொரு மேஜையாகப் போய், “மலருக்காக ஒரே ஒரு கேள்விங்க. உங்க ஹாஸ்டல் வார்டன் பத்தி ரெண்டு வரி,” என்று கேட்டார்.

“அவரா! மறக்க முடியுமா!” என்றது முதல் மேஜை. எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

“ரொம்பக் கண்டிப்பு. ஆனா மனசு தங்கம்,” என்றது இரண்டாவது மேஜை.

“அவர் மீசையைப் பாத்தாலே நடுக்கம்தான்,” என்றார் நர்ஸ்களுக்காகக் குரல் கொடுத்த பெண்மணி. மேஜை முழுக்க ஆமா ஆமா என்றது.

நான்காவது மேஜையில் ஒரு மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, தோள் கொஞ்சம் தொங்கியது. சூப்பை ஆற்றி ஆற்றி, யாருக்கும் சத்தம் கேட்காமல் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் அட்டையில் ‘குடைப்பிடி உற்பத்தியாளர்’ என்றிருந்தது.

“வார்டன் அம்மாவைக் கேக்கறீங்களா?” என்றார் மெதுவாக. “அவங்க ஒரு பூனை வளத்தாங்க. வருகைப் பதிவேட்டுல அந்தப் பூனைக்கும் ஒரு பேர் இருந்துச்சு. எங்கள்ல சில பேரைவிட அதுக்குத்தான் வருகை ஜாஸ்தி.”

பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி இருமினார். “வார்டன் ஆம்பளைங்களே, ஐயா.”

“அப்படியா?” என்று சாம்பல் கோட்டு குழம்பிப் போய் சுற்றிலும் பார்த்தார். “இருக்கலாம். எனக்கு இங்க யாரையுமே அடையாளம் தெரியலைங்க. எல்லாரும் ரொம்ப மாறிட்டீங்க.”

எனக்குக் கை அரித்தது. அண்ணியை ஓரமாக இழுத்துப் போனேன்.

“ஆள் சிக்கிட்டான்! வார்டன் ஆம்பளைன்னு முப்பத்தொம்பது பேர் சொல்றாங்க. இவன் ஒருத்தன் பொம்பளைங்கறான், கூடப் பூனை வேற. யாரையும் தெரியலங்கறான். விவாதத்துல வாயே திறக்கல. கேட்டேன், ‘எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, நான் வளரல’ன்னான். போலின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு. ஜக்கைக் கீழ வெக்கட்டுமா?”

“வெக்காதே.”

“ஏன்?”

“முப்பத்தொம்பது பேர் ஒரே மாதிரி பதில் சொன்னா எனக்குப் பயமா இருக்கும் தம்பி. நீ போன மாசம் உன் பழைய ஸ்கூல் நண்பனைப் பாத்தியே, என்ன சொன்னே?”

“‘என்னடா இப்படி வீங்கிட்டே’ன்னேன்.”

“அதான். நிஜமா பழகினவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். உதவியாளர்களுக்கு அது ஒரு கடமை.

மணி ஏழு நாற்பது. அண்ணி பட்டியல் அக்காவை அலுவலக அறைக்கு அழைத்துப் போனார். “உங்ககிட்ட எல்லாரோட செல் நம்பரும் இருக்கா? இவங்க எழுதிக் கொடுத்தது இல்ல. பழைய நம்பர், அவங்க சொந்த நம்பர்.”

“இருக்கு. வருஷா வருஷம் நன்கொடை கேக்கற நம்பர்தான்.”

“ஒவ்வொண்ணா கூப்பிட்டு, யார் போன் அடிக்குதுன்னு பாத்தா முடிஞ்சுதே,” என்றேன் நான்.

“எல்லாரும் சைலண்ட்ல வெச்சிருக்காங்க. அதோட, கூப்பிட்டா அந்த ஆள் வீட்ல சோபாவுல கால் நீட்டி உக்காந்துகிட்டே ‘ஆமா, டின்னர்லதான் இருக்கேன்’னு சொல்லுவார். நாம கூப்பிடக் கூடாது. அவர் கூப்பிடணும். பதறிப் போய்க் கூப்பிடணும்.”

அண்ணி உட்கார்ந்து ஒரு குறுஞ்செய்தி எழுதினார். அதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்:

‘இன்று விருந்தில் தாங்கள் கையெழுத்திடும் பொறுப்பான வளர்ச்சி உறுதிமொழியின்படி, நாளை முதல் ஓராண்டுக்குத் தாங்கள் காரைத் துறந்து டவுன் பஸ்ஸில் மட்டுமே அலுவலகம் செல்ல ஒப்புக்கொள்கிறீர்கள். நின்றுகொண்டு. தங்கள் தியாகத்துக்கு நன்றி.’

“நிஜமானவர் இங்க மேஜையிலயே படிச்சுட்டு நம்மகிட்ட சண்டைக்கு வருவார். போலியோட முதலாளி வீட்ல படிச்சுட்டு, இங்க இருக்கற ஆளுக்குப் போன் அடிப்பார். யார் எடுத்துப் பேசறாங்களோ, அவர்தான் நம்ம ஆள்.”

“அந்த ‘நின்றுகொண்டு’தான் அண்ணி அபாரம்,” என்றேன்.

பட்டியல் அக்கா அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினார். “நாப்பத்தொண்ணு நம்பருக்குப் போகும். எந்தத் தகவல் போனாலும் தலைவர் அம்மாவுக்கும் ஒண்ணு போகணும்னு விதி. அதை எடுக்க முடியாது.”

“போகட்டும். அவங்கதான் இங்கயே இருக்காங்களே, நான் விளக்கிக்கறேன்.”

ஏழு நாற்பத்தைந்துக்குச் செய்தி போனது. நாங்கள் கூடத்துக்கு ஓடினோம். நான் ஜக்கோடு சாம்பல் கோட்டின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் போன் அடித்ததும் தோளில் கை போட்டு, “யாரோட ஆளு நீ?” என்று கேட்கவேண்டும். வசனத்தை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

சாம்பல் கோட்டின் பை முணுமுணுத்தது. அவர் போனை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு திரும்பி என்னிடம், “ஏம்பா, இது என்ன புதுசா? நான் இப்பவும் பஸ்லதானே போறேன்?” என்றார்.

அழைப்பு வரவில்லை. செய்தி வந்தது. அவருடைய சொந்தப் போனுக்கு வந்தது. அப்படியென்றால் இவர் நிஜம்.

என் வசனம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதே நொடியில் முதல் மேஜையில் ஒரு போன் தட்டுக்குப் பக்கத்தில் குதித்தது. மீசைக்காரர் பார்த்தார், வெளிறினார், விறைப்பாக எழுந்து நின்றார்.

“சொல்லுங்க சார்!”

ஆகா, பிடித்துவிட்டோம் என்று நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆஸ்பத்திரி உரிமையாளர் எழுந்து நின்றிருந்தார். “சொல்லுங்க மேடம்.” அடுத்து வங்கி அதிகாரி. அடுத்து ஏற்றுமதி அதிபர். இரண்டாவது மேஜையில் மூன்று பேர் ஒன்றாக எழுந்தார்கள். தம்ளர்கள் அதிர்ந்தன, ஸ்பூன்கள் விழுந்தன. தலைமையாசிரியர் வகுப்புக்குள் நுழைந்தது போல நாற்காலிகள் கிறீச் கிறீச்சென்று பின்னால் போயின. “சார்… இல்ல சார்… பஸ்ஸா சார்? நான் இன்னும் கையெழுத்துப் போடல சார்…”

முப்பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது குடைப்பிடிக்காரர் மட்டும்தான். அவருக்கு என்னவோ மரியாதை செலுத்துகிறார்கள் என்று நினைத்து அவரும் எழப் பார்த்தார். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

ஒவ்வொருவராகப் பேச்சை முடித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நீயுமா?” என்றார் மீசைக்காரர், தான் கட்டிப்பிடித்த வழுக்கைக்காரரிடம்.

“இந்த அட்டையில இருக்கறவருக்கு நான் மாமனாருங்க,” என்றார் வழுக்கை தலைகுனிந்து. “மாப்பிள்ளை மீட்டிங்ல இருக்கார்.”

அப்புறம் மடை திறந்துவிட்டது. மீசைக்காரர் டிரைவர். ஆஸ்பத்திரிப் பெண்மணி அதே ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ். தாழ்ப்பாள் நிபுணர் ஸ்டோர் கீப்பர். வங்கி அதிகாரி, வங்கி அதிகாரிக்கு முதுகு பிடித்துவிடுபவர். மீதிப் பேர் உதவியாளர்கள், மச்சான்கள், கணக்குப்பிள்ளைகள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் போலி, மற்ற முப்பத்தொன்பது பேரும் அசல் என்று நினைத்துச் சாயங்காலம் முழுக்க வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“யாரைப் பாத்தாலும் கட்டிப்பிடி, கொஞ்சம்கூட மாறலன்னு சொல்லு, எதைக் கேட்டாலும் சிரி. இப்படித்தாங்க சார் சொல்லி அனுப்பினார்,” என்றார் டிரைவர். எல்லாத் தலைகளும் ஆடின. எல்லா சார்களும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரே கல்லூரியில் படித்தவர்கள் அல்லவா.

மூலையில் நின்ற கல்லூரியின் பழைய மைக் செட்டுக்காரர் குரல் கொடுத்தார். “அந்தப் பூனை விஷயம் நிஜம்தாங்க. வார்டன் அம்மாவோட பூனை. நான் பாத்திருக்கேன்.”

“யோவ், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன்.

“யாரும் கேக்கலையே.”

அண்ணி குடைப்பிடிக்காரர் முன்னால் உட்கார்ந்தார். “நீங்க மட்டும் ஏன் சார் நேர்ல வந்தீங்க?”

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். “என்கிட்ட அனுப்ப ஆள் இல்லைங்க. பதினோரு பேர் வேலை பாக்கறாங்க. இன்னிக்கு ஆர்டர் அனுப்பற நாள், ஒருத்தரையும் எடுக்க முடியாது. எடுக்கக்கூடியவன் நான் ஒருத்தன்தான்.”

நான் அவர் முதுகைப் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியல் அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அட்டையில் நாற்பது டிக். மணி எட்டாக நான்கு நிமிஷம். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

“முடிஞ்சுது,” என்றார். “ஒரு போலின்னா மறைச்சிருப்பேன். முப்பத்தொம்பதை எங்க மறைக்கறது? பேக்கரிக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு கையில மாவோட வருவாரு. முதல் பத்து நிமிஷம் தூங்குவாரு. அப்புறம் எழுந்து கேப்பாரு ஒரு கேள்வி, எனக்குப் பதில் சொல்ல ரெண்டு நாள் ஆகும். அவர்கிட்ட நாளைக்கு நான் என்ன சொல்ல?”

எல்லாரும் தலைமேஜையைப் பார்த்தோம். தலைவர் அம்மா மெல்ல எழுந்தார். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் படபடத்தன. எண்ணத்தான் போகிறார் என்று நினைத்தோம். அவர் எண்ணவில்லை. அவர் கைப்பை அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே கைவிட்டுப் போனை எடுத்தார். அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக அவர் குரலைக் கேட்டோம்.

“சொல்லுக்கா.”

என் கையிலிருந்த ஜக் கீழே விழுந்து உடைந்தது.

“அக்கா, கத்தாதே. பஸ்ஸுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடல… இல்லக்கா, யாருக்கும் தெரியாது…” என்றவர் கூடத்தைப் பார்த்தார். “இப்பத் தெரிஞ்சிடுச்சு.”

தலைமேஜையில் இருந்தவர் தலைவர் அம்மாவின் தங்கையாம். முகச் சாடை ஒன்று. அக்காவுக்குக் கூட்டம் என்றால் அலர்ஜி. எட்டு வருஷமாகக் கூட்டத்துக்கெல்லாம் தங்கைதான் வருகிறார், தலையை மட்டும் ஆட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். நாற்பது பேரும் நேரில் வந்தே ஆகவேண்டும் என்ற அந்தக் கடிதத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் இவர்தான்.

அண்ணி கையை நீட்டிப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, நேர்ல வராதவங்க நாப்பது பேர். நீங்களும் சேத்து.”

போனில் வறண்ட குரல் ஒன்று, “அதுக்காக நிபந்தனையை மாத்த முடியாது. நாப்பதுன்னா நாப்பது. பெரிய மனுஷங்களே மதிக்காத கல்லூரியில சாயங்கால வகுப்பு யாருக்கு வேணும்?” என்றது.

“எனக்கு வேணும்,” என்றார் மீசைக்காரர்.

கூடம் திரும்பியது. அவர் தன் குரலுக்குத் தானே பயந்தவர் போல நின்றார்.

“அக்கா, அந்த வகுப்பு எத்தனை மணிக்கு?” என்று பட்டியல் அக்காவைக் கேட்டார். “நாலு வருஷமா எங்க சார் பேர்ல மீட்டிங் மீட்டிங்கா உக்காந்திருக்கேன். இன்னிக்குதான் வாயைத் திறந்தேன். ஒரு மேஜையே கை தட்டுச்சு. அது எங்க சாருக்குத் தட்டினது. என் பேர்ல ஒரு தடவை உக்காந்து பேசணும்கா.”

அவர் நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றினார். திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அண்ணி காதிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவர் தன் பெயரை நிதானமாக எழுதி மறுபடி குத்திக்கொண்டார்.

அடுத்து நர்ஸ். அடுத்து ஸ்டோர் கீப்பர். அந்தப் பேனாவுக்கு வரிசை நின்றது. பட்டியல் அக்கா பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எண் போட்டு எழுத ஆரம்பித்தார்.

“அம்மா, நாப்பது புது ஆளுங்க சேந்தா?” என்று போனிடம் கேட்டார் அண்ணி. “நேர்ல. சொந்தப் பேர்ல.”

“நாப்பது இருந்தா பாக்கலாம்,” என்றது போன். இருக்காது என்ற நம்பிக்கை அதில் நன்றாகத் தெரிந்தது.

முப்பத்தாறில் வரிசை நின்றுவிட்டது. மாமனார் தனக்கு வயதாகிவிட்டது என்றார். இரண்டு பேருக்குச் சாயங்காலம் முதலாளி வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவர வேண்டும். பட்டியல் அக்கா பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். மணி எட்டு.

“முப்பத்தேழு என்னை எழுதுங்க,” என்றார் மைக் செட்டுக்காரர். “இருபத்தேழு வருஷமா எல்லாப் பேச்சையும் கேட்டாச்சு. ஒண்ணும் புரியல. உக்காந்து கேட்டா புரியுமோ என்னவோ.”

குடைப்பிடிக்காரர் கூச்சத்தோடு கை தூக்கினார். “படிச்சவங்க மறுபடி சேரலாமா? போன தடவை எனக்கும் சரியாப் புரியல.”

முப்பத்தெட்டு.

“முப்பத்தொம்பது, என் கொழுந்தன்,” என்றார் அண்ணி.

“அண்ணி! நான் எதுக்கு?”

“வகுப்புல மெத்தை கிடையாது. நல்லது.”

முப்பத்தொன்பது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணியோ தலைமேஜையைப் பார்த்தார். நான் பேசப் போனேன், கையால் தடுத்துவிட்டார்.

தங்கை அம்மாள் பெரிய கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் முகமே வேறாக இருந்தது, பத்து வயது குறைந்துவிட்டது. நடந்து வந்து போனைக் கையில் வாங்கினார்.

“அக்கா, நாப்பதாவது நான்.”

“என்னடி உளறறே?”

“கடிதத்துல ஏற்கெனவே நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நாப்பது வந்தா வகுப்பு இருக்கும்னு. உன் கையெழுத்தை எட்டு வருஷமா நான்தான் போடறேன். நீ இப்பப் போட்டா பேங்குல திருப்பி அனுப்பிடுவாங்க.”

அழைப்பைத் துண்டித்தார். பட்டியல் அக்காவிடம் தன் பெயரைச் சொன்னார். சொல்லும்போது முதல் எழுத்தில் கொஞ்சம் தடுமாறினார், பழக்கம் விட்டுப்போயிருந்தது. பட்டியல் அக்கா எழுதி முடித்து நாற்பது டிக்கும் போட்டுவிட்டு, அட்டையை மார்போடு கட்டிக்கொண்டு சத்தமாக அழுதார். நர்ஸ் அவரைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்த முதல் நிஜமான கட்டிப்பிடிப்பு அதுதான்.

அப்புறம்தான் யாருக்கோ சாப்பாட்டு நினைவு வந்தது. எல்லாரும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பிரேக்கையும் தாழ்ப்பாளையும் பற்றி இன்னும் பலமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் உடைந்த ஜக்கைக் கூட்டிப் பெருக்கினேன். துப்பறியும் வேலையில் கடைசியில் எல்லாம் என் தலையில்தான்.

குப்பையைக் கொட்ட அலுவலக அறைக்குப் போனபோது போன் அடித்தது. எடுத்தேன். பட்டியல் அக்கா சொன்ன அதே கனத்த குரல், இப்போது கொஞ்சம் பயந்து கேட்டது:

“ஹலோ… சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியிலேருந்து பேசறேன். டின்னருக்கு நான் வந்துட்டேனா?”

திறந்த கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். மீசைக்காரர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார், கையில் போன் இல்லாமல். மேஜை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்ல சார், நீங்க வரல,” என்றேன். “உங்க டிரைவர் வந்திருக்கார்.”